கடலுக்குக் கொடுத்த கண்ணாடி



கவிதையும் சிறுகதையும் காப்பியமும் பேசப்பட்ட இம்மேடையில் கண்ணாடியைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். கடலைப் பொருளாகக் கொண்ட கண்ணாடிக் கலை, அதற்குப் பின்னால் நிற்கும் கப்பல் வரலாறு, இன்று அதே கடலை நிறைத்துவரும் பிளாஸ்டிக் ஆகிய மூன்றையும் ஒரே சரத்தில் கோத்துப் பார்ப்பது என் நோக்கம். கடற்கரைக்கு நெய்தல் என்று ஒரு திணையையே வகுத்துக் கொடுத்த மொழியில் இதைப் பேசுவது பொருத்தமற்றதாகாது என்று நம்புகிறேன்.

தமிழில் கண்ணாடி என்ற ஒரு சொல் மூன்று பொருள்களுக்கு நிற்கிறது. மணலையும் சோடாவையும் சுண்ணாம்பையும் உலையில் உருக்கி எடுக்கும் பொருள் கண்ணாடி. மூக்கில் மாட்டிக்கொண்டு உலகத்தைப் பார்க்க உதவுவதும் கண்ணாடி. நம் முகத்தை நமக்கே காட்டுவதும் கண்ணாடிதான். இந்த மூன்று பொருளையும் வரிசையாக எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன்.

முதலில், பொருளாகிய கண்ணாடி. கண்ணாடிக்கும் கடலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. துருக்கியின் தென்கரையில் ஊலுபுருன் என்னுமிடத்தில், கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் 1982ஆம் ஆண்டு ஒரு பழங்கப்பலின் சரக்கைக் கண்டார். 1984 முதல் 1994 வரை அறிஞர்கள் அங்கே மூழ்கி மூழ்கி ஆராய்ந்தார்கள். அது கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய கப்பல். செம்பும் வெள்ளீயமும் யானைத் தந்தமும் ஏற்றியிருந்த அக்கப்பலில் சுமார் 175 கண்ணாடிக் கட்டிகளும் இருந்தன. கருநீலம், வான்நீலம், ஊதா என்று நிறந்தீட்டிய அந்தக் கட்டிகள், எங்கோ ஓர் அரண்மனைப் பட்டறையில் மணியாகவும் கலமாகவும் மாறுவதற்காகக் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தவை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உப்புநீரில் கிடந்தும் அவற்றின் நீலம் முற்றிலும் மாயவில்லை.

அதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது இன்னொரு கப்பல். அதே துருக்கிக் கரையில் செர்ச்சே லிமானி என்ற சிறு துறையில், ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் மூழ்கியது அது. 1977 முதல் 1979 வரை அகழப்பட்ட அக்கப்பலின் சரக்கில் சுமார் மூன்று டன் கண்ணாடி இருந்தது. அதில் ஒரு டன் அளவு உடைந்த பாத்திரங்களும் பட்டறைக் கழிவும். கிண்ணம், குடுவை, விளக்கு என்று இலட்சக்கணக்கான சில்லுகள். அவற்றைத் திரும்பவும் உருக்கிப் புதுக்கலம் செய்வதற்காகவே கப்பலேற்றியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உடைந்த கண்ணாடிக்குக் கப்பற்கூலி கொடுத்து வாங்கிக்கொள்ள மறுகரையில் ஆள் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆய்வாளர்கள் அந்தச் சில்லுகளை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பொருத்தினார்கள். போட்ரம் நகரக் கோட்டை அருங்காட்சியகத்தில் அக்கலங்கள் இன்று நிற்கின்றன. உடைந்த பின்னும் விலையுள்ள பொருளாகக் கண்ணாடி இருந்தது. இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிறகு இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இனி, பார்ப்பதற்கு உதவும் கண்ணாடி. கடலை நாம் பார்க்கும்படி செய்த கண்ணாடிக் கலைஞர்களில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர்கள் பொஹீமியாவில் பிறந்த லியோபோல்ட் பிளாஷ்காவும் அவர் மகன் ருடால்ஃபும். லியோபோல்ட் கண்ணாடித் தொழிற் குடும்பத்தில் வந்தவர். மனைவியையும் தந்தையையும் அடுத்தடுத்து இழந்த துயரத்தில், 1853ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அசோர்ஸ் தீவுகளுக்கு அருகில் காற்று அடங்கிவிட்டதால், பாய்க்கப்பல் இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்றது. அந்த இரவுகளில் நீரின் மேல் ஒளிவிட்டு மிதந்த இழுதுமீன்களை, நாம் சொறிமுட்டை என்று சொல்கிறோமே அவற்றை, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், வரைந்தும் வைத்தார்.

அக்காலத்து அருங்காட்சியகங்களில் பறவையைப் பாடம்பண்ணி வைக்கலாம், விலங்கையும் வைக்கலாம். எலும்பில்லாத கடலுயிர்களைச் சாராயத்தில் இட்டால் நிறம் போகும். வடிவமும் குலைந்து வெறும் சவ்வாகிவிடும். 1863ஆம் ஆண்டு ட்ரெஸ்டன் நகர அருங்காட்சியகத்துக்காக லியோபோல்ட் கடற்பூக்களைக் கண்ணாடியில் செய்து கொடுத்தார். பின்னர் மகனும் சேர்ந்துகொள்ள, சுடரில் இளக்கிய கண்ணாடியால் சொறிமுட்டை, கணவாய், கடலட்டை, கடற்பூ என்று நூற்றுக்கணக்கான வகைகளைச் செய்து உலகெங்கும் அனுப்பினார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1885இல் வாங்கிய தொகுதியில் மட்டும் ஐந்நூற்றெழுபது உருக்கள் இருந்தன. கடலையே பார்த்திராத மாணவர்கள் அந்தக் கண்ணாடியின் வழியே கடலைக் கற்றார்கள். 1939இல் ருடால்ஃப் மறைந்தபோது அவர்களுக்கு மாணாக்கர் எவரும் இல்லை. அந்தக் கைவண்ணம் அவர்களோடு போயிற்று.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்த உருக்களுக்கு வேறொரு பயன் வந்துசேர்ந்தது. கார்னெலில் பணியாற்றிய கடலியல் அறிஞர் ட்ரூ ஹார்வெல், அந்தக் கண்ணாடி உருக்களை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, அவற்றின் உயிருள்ள இணைகள் இன்னும் இருக்கின்றனவா என்று கடல்தோறும் தேடினார். சில எளிதில் அகப்பட்டன; சிலவற்றைக் காண்பது அரிதாக இருந்தது. அந்தத் தேடலைப் பற்றி அவர் எழுதிய நூல் 2016இல் வெளிவந்தது. எளிதில் உடையக்கூடிய பிரதி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்க, மூலம் எங்கே என்று தேடவேண்டிய நிலை வந்துவிட்டது. அழகுக்காகவும் பாடத்துக்காகவும் செய்த பொருள், காலம் மாறியபோது ஒரு சாட்சியாக நிற்கிறது.

மூன்றாவதாக, முகம் காட்டும் கண்ணாடிக்கு வருகிறேன். இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சாதாரணமானது. மீன்வலையில் கட்டும் மிதவை.

வலையின் மேல்விளிம்பு நீரில் மிதக்க வேண்டும். நம் கரையில் அதற்கு இலேசான மரத்துண்டுகளைக் கட்டினார்கள். நார்வே நாட்டில் 1840களில் கண்ணாடி உருண்டைகளைக் கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் பல நாடுகளுக்கும் பரவி, 1910ஐ ஒட்டி ஜப்பானில் வேரூன்றியது. அங்கே பெரும்பாலும் பழைய மதுக்குப்பிகளை உருக்கியே இந்த உருண்டைகளைச் செய்தார்கள். அதனால்தான் அவை கடல்நீரின் பச்சையாகவும் வெளிர்நீலமாகவும் இருக்கும். உலையிலிருந்து ஊதுகுழலின் நுனியில் கண்ணாடிக் குழம்பை எடுத்து, ஊதி உருண்டையாக்குவார்கள். குழலிலிருந்து பிரித்ததும், ஊதிய துளையைச் சிறிது குழம்பு வைத்து அடைத்து, சூடு ஆறுமுன் முத்திரை குத்துவார்கள். உள்ளே அடைபட்டுக் கிடப்பது ஊதியவனின் மூச்சு. அந்த மூச்சுத்தான் வலையைத் தாங்கியது.

புயலில் அறுந்த மிதவைகள் கடலில் தனித்து அலைந்தன. வட பசிபிக் பெருங்கடலில் ஒரு மாபெரும் நீர்ச்சுழல் உண்டு. ஜப்பான் கரையில் அறுந்த உருண்டை, பல ஆண்டுகள் சுற்றிவிட்டு அலாஸ்காவிலோ ஆரிகனிலோ ஹவாய்த் தீவுகளிலோ ஒதுங்கும். சிலவற்றுள் சிறிதளவு நீர் இருக்கும். ஆழத்துக்கு இழுபட்டபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்பழுதுகளின் வழியே கடல் உள்ளே புகுந்ததன் அடையாளம் அது. கரையில் நடந்தவர்கள் அவற்றை எடுத்துப்போய் வீட்டு முற்றத்தில் தொங்கவிட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்து டகோமாவில் 1941இல் பிறந்த டேல் சிஹூலி, சிறுவயதில் இப்படிக் கரை ஒதுங்கிய உருண்டைகளைப் பார்த்து வளர்ந்தவர். பின்னாளில் ஜப்பானின் நீஜிமா தீவுக்குப் போய்வந்து, 1991இல் ‘நீஜிமா மிதவைகள்’ என்ற வரிசையைத் தொடங்கினார். ஒரு தொழிற்கருவி, ஒருவர் இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பெரும் வண்ண உருண்டைகளாகக் காட்சிக்கூடத்துக்கு வந்தது.

அந்தக் கருவி கலையாவதற்கு முன்னரே கடலிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் பிளாஸ்டிக் மிதவையும் அலுமினிய மிதவையும் கண்ணாடியின் இடத்தைப் பிடித்தன. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஒட்டாரு என்ற துறைமுகம் இருக்கிறது. அங்கே 1900ஆம் ஆண்டை ஒட்டி அசஹாரா என்ற குடும்பம் கண்ணாடிப் பட்டறை தொடங்கியது. முதலில் மண்ணெண்ணெய் விளக்குகள். மின்சாரம் வரவர, மீன்பிடி மிதவைகள். பிறகு அக்கரையின் ஹெர்ரிங் மீன்வளம் குன்றியது, பிளாஸ்டிக்கும் வந்தது. அந்தத் தொழில்மரபு அணிகலன்களாகவும் விளக்குகளாகவும் கலைப்பொருள்களாகவும் உருமாறித் தன்னைக் காத்துக்கொண்டது. 1891இல் மீன்தொழிலுக்காகக் கட்டிய ஒரு கற்கிடங்கு, 1983இல் எண்ணெய் விளக்குகள் எரியும் கண்ணாடிக் கூடமாயிற்று. கண்ணாடி நகரம் என்று இன்று சுற்றுலாப் பயணிகள் கொண்டாடும் ஒட்டாருவின் பெயர், வேலை இழந்த ஒரு தொழில் தேடிக்கொண்ட மறுவாழ்வு.

கடலின் மறுகரையில் நடப்பது இன்னும் வியப்பானது. ஆரிகன் கரையில் லிங்கன் சிட்டி என்ற ஊரில், 1999ஆம் ஆண்டு முதல், கலைஞர்களைக் கொண்டு கண்ணாடி உருண்டைகளைச் செய்வித்து, கடற்கரையில் ஆங்காங்கே மறைத்து வைக்கிறார்கள். கண்டெடுத்தவர் கொண்டுபோகலாம். ஒரு காலத்தில் கடல் தானாகக் கொண்டுவந்து கொடுத்ததை, இப்போது ஊரார் கையால் கொண்டுபோய் வைக்கிறார்கள். கேட்பதற்கு விளையாட்டுப் போல இருக்கிறது. எனக்கு அதில் ஓர் இரங்கற்பாவின் சாயல் தெரிகிறது. ஏனென்றால் கடல் இன்று கொண்டுவருவது வேறு.

கண்ணாடி உருண்டைகள் சுற்றிய அதே நீர்ச்சுழலில்தான், 1997இல் சார்லஸ் மூர் என்ற படகோட்டி, நாட்கணக்கில் பிளாஸ்டிக் மிதப்பதைக் கண்டார். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அப்பகுதியில் மிதக்கும் பிளாஸ்டிக்கின் எடையைச் சுமார் 79,000 டன் என்று மதிப்பிட்டது. அதில் 46 விழுக்காடு மீன்வலைகள். முன்பு சணலிலும் பருத்தியிலும் முறுக்கிய வலைகள் அறுந்துபோனால் நாளடைவில் மக்கின. இன்றைய நைலான் வலை அறுந்த பிறகும் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டேயிருக்கிறது. கொள்வார் இல்லாத அந்த வேட்டை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கண்ணாடியும் எளிதில் மக்குவதன்று; பிளாஸ்டிக்கும் மக்குவதன்று; பிறகு என்ன வேறுபாடு என்று கேட்கலாம். கண்ணாடி மணலிலிருந்து வந்தது. அலையில் உருண்டு முனை மழுங்கித் தேய்ந்து தேய்ந்து மணலை நோக்கியே திரும்புகிறது. பிளாஸ்டிக் நிலத்தடி எண்ணெயிலிருந்தும் வாயுவிலிருந்தும் வந்தது. வெயிலில் நொறுங்கி நொறுங்கிச் சிறுத்தாலும் பிளாஸ்டிக்காகவே இருக்கிறது. நீரில் கரைந்திருக்கும் நச்சுகளைத் தன்மேல் ஈர்த்துக்கொள்கிறது. மீன் அதனை இரையென்று விழுங்குகிறது. கடலாமைக்கு மிதக்கும் பையும் பிளாஷ்கா வரைந்த சொறிமுட்டையும் ஒன்றுபோலத் தெரிகின்றன. 2022இல் மனிதக் குருதியிலேயே அதன் நுண்துகள்களைக் கண்டதாக ஆய்வாளர் அறிவித்தனர்.

வேறுபாடு வேதியியலோடு நிற்கவில்லை. செர்ச்சே லிமானிக் கப்பலை நினைவூட்டுகிறேன். உடைந்த கண்ணாடியை விலைகொடுத்து வாங்க ஆள் இருந்தது. உடையாத பிளாஸ்டிக்கிலேயே பெரும்பகுதியைத் திரும்ப வாங்க இன்று ஆள் இல்லை. ஒரு பொருளின் மீது ஒரு சமூகம் வைத்திருக்கும் மதிப்பை அறிய, அது முழுதாக இருக்கும்போது பார்த்தால் போதாது; உடைந்தபின் அதை யார் குனிந்து எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இதுவரை தொலைதூரக் கடல்களைப் பற்றிப் பேசினேன். இப்போது நம் கரைக்கு வருவோம். புதுச்சேரிக்கு அருகில் ஆரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். உரோமநாட்டுச் சாடிகளோடு, அங்கேயே செய்த கண்ணாடி மணிகளும் கிடைத்தன. உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கிச் செய்த மணிகள் அவை. கடுகு, மிளகு அளவிலான இவ்வகை மணிகள் இலங்கையின் மாந்தையிலும், தாய்லாந்திலும், வியட்நாமிலும், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் கிடைக்கின்றன. இந்து மாக்கடலைச் சுற்றி வாழ்ந்த மக்களை இணைத்த சரம் என்று இவற்றைச் சொல்லலாம். கொற்கை முத்தைப் பாடிய நாம் இந்தக் கண்ணாடி மணியைப் போதிய அளவு பாடவில்லை. உழைக்கும் பெண்களின் கழுத்துக்குச் சென்றது அந்த மணியாகத்தான் இருந்திருக்கும்.

2021 மே மாதம் 20ஆம் நாள், கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. ஜூன் மாதத் தொடக்கத்தில் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலிலும் கரையிலும் கொட்டியது. பிளாஸ்டிக் பொருள்கள் செய்வதற்கு மூலப்பொருளான இந்தக் குருணை, அரிசி நொய்யைவிடச் சற்றுப் பெரியதாக வெண்மையாக இருக்கும். நீர்கொழும்பை ஒட்டிய கரைகளில் மணல் தெரியாதபடி அது குவிந்தது. இறந்த ஆமைகள் ஒதுங்கின. மீனவர் வலையிறக்க முடியாமல் கரையில் உட்கார்ந்தார்கள். 2025 மே 25ஆம் நாள் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியபோது, அதே வகைக் குருணை கேரளக் கரையில் ஒதுங்கி, நம் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தது.

அரிக்கமேட்டு மணியும் இந்தக் குருணையும் அளவில் ஏறத்தாழ ஒன்று. இரண்டும் கப்பலில் ஏறிய சரக்கு. இரண்டும் மனிதன் செய்தவை. ஒன்றில் சரம் கோக்கத் துளை உண்டு. அதைச் செய்தவன், அணியப்போகும் கழுத்தை நினைத்துச் செய்தான். மற்றொன்றில் துளையில்லை. இரண்டாயிரம் ஆண்டு கழித்து இந்தக் கரையைத் தோண்டுகிறவன் இரண்டையும் வெவ்வேறு மண்ணடுக்கில் காண்பான். நம்மைப் பற்றி அவன் என்ன முடிவுக்கு வருவான் என்பதுதான் இந்தக் கண்ணாடி நமக்குக் காட்டும் முகம்.

ஒரு மறுப்பையும் எண்ணிப்பார்க்க வேண்டும். கண்ணாடியைப் புனிதப் பொருளாக்கிவிடக் கூடாது. அதன் உலைக்கு ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும்; அதற்கு எரிபொருள் வேண்டும். அறுந்துபோன மிதவைகளும் ஒருவகையில் கடலில் விட்ட குப்பையே. பெருஞ்செல்வர் மாளிகையில் தொங்கும் கண்ணாடிக் கடலைப் பார்த்து, உண்மைக் கடலை மறந்துபோகவும் கூடும். கேட்டைக் காட்ட வந்த கலை, கேட்டையே அழகாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. 2009இல் கிறிஸ் ஜோர்டான் என்ற ஒளிப்படக் கலைஞர், மிட்வே தீவில் இறந்த கடற்பறவைக் குஞ்சுகளின் வயிற்றில் பிளாஸ்டிக் மூடிகளும் துண்டுகளும் நிறைந்து கிடந்ததை அப்படியே படமெடுத்தார். அத்தகைய நேரடிச் சான்று இருக்கக் கண்ணாடியில் கடலைச் செய்வானேன் என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வியே.

என் விடை இது. இறப்பைக் காட்டும் படம் நம்மை அதிரவைக்கிறது, அதுவும் வேண்டும். ஆனால் இழப்பின் அளவை அறிய, இழந்தது எத்தகையது என்பது தெரிந்திருக்க வேண்டும். பிளாஷ்காவின் சொறிமுட்டை அதைத் தெரிவிக்கிறது. ஒட்டாருவின் மிதவை, கடலுக்குக் கொடுத்த பொருளை மனிதன் தன் மூச்சால் செய்த காலம் ஒன்று இருந்தது என்று சொல்கிறது. கண்ணாடி உடையும் என்று தெரிந்ததால் அதைக் கையாண்டவர் கை கவனமாக இருந்தது. உடையாது என்ற ஒரே காரணத்தால் பிளாஸ்டிக் நம் கையைக் கவனமற்றதாக்கிவிட்டது. இந்த வேறுபாட்டைக் கையால் தொட்டு உணரச் செய்வது கண்ணாடிக் கலைக்குக் கைகூடுகிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் உவவனத்தில் ஒரு பளிக்கறை வருகிறது. உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் கேட்காது. கடலைப் பற்றிய கண்ணாடிக் கலையும் அப்படிப்பட்ட ஓர் அறை. கடலின் உருவத்தை அது நமக்குக் காட்டிவிடுகிறது. குரல் கொடுக்க அதனால் இயலாது. அந்தக் குரலைக் கொடுக்கும் கடமை சொல்லைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றவர்களுடையது. கடல் தெய்வத்தின் பெயரைத் தலைவிக்குச் சூட்டி, கடல்கொண்ட பட்டினத்தின் கதையைச் சொன்ன காப்பியம் அது. அம்மொழியில் எழுதுகிறவர்கள் கன்னியாகுமரி மணலில் கிடக்கும் வெண்குருணையைப் பற்றி இன்னும் எழுதாமல் இருப்பது முறையன்று. வலையோடு கரையில் காத்திருக்கும் மீனவரின் சொல்லும் அந்த எழுத்தில் இடம்பெற வேண்டும்.

இந்த வட்டம் தன் இரண்டாம் பத்தாண்டில் நெய்தலை மீண்டும் பாடுமாயின், அதன் முதற்பொருளும் கருப்பொருளும் எவையெனத் தெரிந்து பாட வேண்டும். புன்னையும் ஞாழலும் மட்டும் போதா.